ஒரு மெயில், இரண்டு பேர், நடுவில் நான்

ஜெராக்ஸ் கடைக்காரியிடம் ஜனங்கள் ஆதார் அட்டையைக் காட்டுவார்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள், கடைசியில் பாஸ்வேர்டையும் ரோட்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவார்கள். மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் கடை போட்டதிலிருந்து பார்த்த பஞ்சாயத்துகளில் முக்கால்வாசி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே மெயில் ஐடி என்பதால் வந்தவை. உங்கள் வீட்டிலும் அந்தக் கூத்துதான் என்றால் உட்காருங்கள், நாம் ஒரே கட்சி. என் வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் மெயில்களுக்கு நடுவே என் கரண்ட் பில்லைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனவள் நான்.

மரியாதையான மனிதர்

ரபீக் பாய் கடற்கரைப் பக்கம் நாலு அறை கட்டி, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். மனைவி ஷமீமா பி.காம். படித்தவள். சிறுசேரியில் ஏதாவது ஒரு ஆபீசில் கணக்கு வேலை கிடைத்துவிடாதா என்று விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாய் இருவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து ஒரே மெயில் ஐடி தொடங்கியிருக்கிறார்கள். விடுதி போர்டில் இருப்பதும் அதுதான், அவள் விண்ணப்பங்களில் இருப்பதும் அதுதான். ஆளுக்கொரு ஐடி வைத்துக்கொள்ளுங்களேன் என்றால், போர்டுக்கு மறுபடி யார் பெயின்ட் அடிப்பது என்று பாய் முகத்தைச் சுளித்தார்.

அன்றைக்கு என் கடையில் ஷமீமா அழாத குறையாக நின்றாள். ஒரு இன்டர்வியூ கடிதம் வந்து, அதற்கான தேதியும் போன பிறகுதான் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. பாய் காலையில் எழுந்ததும் போனில் எல்லா மெயிலையும் திறந்துவிடுவார். திறந்த மெயில் தடித்த எழுத்தில் தெரியாது. ஏற்கெனவே பார்த்ததுதான் போல என்று அவள் தாண்டிப் போய்விடுவாள். "திறந்தீங்களே பாய், அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். பாய் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "தொறந்தேன்கா. என்னுது இல்லன்னு தெரிஞ்சதும் அப்டியே மூடிட்டேன். அடுத்தவங்க லெட்டரப் படிக்கறது தப்பு இல்லியா?"

சுடிதார் ஆஃபர்

ஒரே மெயிலுக்குள் ஆளுக்கொரு பெட்டி வைத்து, ஃபில்டர் போட்டு, புக்கிங் கம்பெனிகளின் மெயில் மட்டும் பாய் பெட்டிக்குப் போகும்படி செய்து கொடுத்தேன். பாய்க்கு அந்த ஃபில்டர் ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போய்த் தானே ஒன்று போட்டார்: 'ரபீக்' என்று எங்கே இருந்தாலும் என் பெட்டிக்கு வா!

அதோடு ஷமீமாவுக்கு மெயில் வருவதே நின்றுபோனது. மறுபடி கடைக்கு ஓடிவந்தாள். பார்த்தால் பேங்க், விண்ணப்ப ரசீது, ஜவுளிக்கடை எல்லாமே பாய் பெட்டியில் கிடக்கின்றன. நம் ஊர் வழக்கம்தான் காரணம். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் அவள் பெயர் ஷமீமா ரபீக். புருஷன் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்ட பாவத்துக்கு அவள் மெயில் மொத்தமும் அவர் பின்னால் போய்விட்டது. அவளுக்கென்று மிஞ்சியது ஒன்றே ஒன்று, மீன் வறுவலுக்கு நன்றி சொல்லி ஒரு ஜெர்மன்காரர் எழுதியது. பாய் கொஞ்சமும் அசரவில்லை: "என் பேரு போட்டு வந்தா என்னுதுதானக்கா? சுடிதார் ஆஃபர் இன்னாத்துக்கு வருதுன்னு நானும் யோசிச்சிக்கினுதான் இருந்தேன்."

ஆக்கிப் போட்டவள்

அந்த ஃபில்டரை அழித்துவிட்டு, 'ஷமீமா' என்று இருந்தால் அவள் பெட்டிக்கு என்று மாற்றினேன். அடுத்த வாரமே பாய் படியேறினார். ஏற்கெனவே வந்து தங்கிப் போனவர்கள் மறுபடி அறை கேட்டு எழுதும் மெயில் எல்லாம் அவளுக்கே போகிறதாம். போகாமல் என்ன செய்யும்? எழுதுகிறவர்கள் எல்லாரும் 'அன்புள்ள ஷமீமா' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கூடவே வந்திருந்த ஷமீமா சொன்னாள்: "சாப்ட்டவங்களுக்கு ஆக்கிப் போட்டவ பேருதான் ஞாபகம் கீது மச்சான். அதுக்கு நான் இன்னா பண்றது?"

சிறுசேரிக்கு அறை இல்லை

பொங்கல் லீவில் பாயின் நாலு அறையும் நிரம்பிவிட்டன. ஆனாலும் கேட்டு மெயில் வந்துகொண்டே இருந்தது. பாய் சும்மா இருப்பாரா? யார் எழுதினாலும் தானாகப் பதில் போகிற வசதியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் ஷமீமா என் எதிரே வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். போனை நீட்டினாள். சிறுசேரி ஆபீஸ் ஒன்றிலிருந்து, இன்டர்வியூவுக்கு வரச் சொல்லி, அவள் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த மெயில். அதற்குக் கீழேயே அந்த ஆபீசுக்குத் தானாகப் போன பதில்: 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எங்கள் அறைகள் நிரம்பிவிட்டன. அடுத்த மாதம் முயன்று பாருங்கள்.' அதற்கும் கீழே ஆபீஸ்காரர்கள், 'உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுதி முடித்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பாய் மட்டும் அங்கே இருந்திருந்தால் லேமினேஷன் மெஷினுக்குள் விட்டிருப்பேன். சிரிப்பும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். மெயிலின் அடியில் இருந்த நம்பருக்குப் போன் போடச் சொன்னேன். ஒரே மெயில், நாலு அறை, பொங்கல் கூட்டம் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். போனை எடுத்த ஆபீஸ் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்: "ஊர்ல எல்லாருக்கும் நாங்கதாம்மா இப்படி அனுப்புவோம். எங்களுக்கே ஒருத்தர் அனுப்பினது இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை கட்டாயம் வா!"

பதில் போடுகிறவர்

வேலை கிடைத்துவிட்டது. இப்போது காலையில் பஸ் பிடிக்கும் அவசரத்திலும் என் கடையைப் பார்த்துக் கையாட்டாமல் போக மாட்டாள். ஆபீசில் அவளுக்கென்று தனி மெயில் கொடுத்துவிட்டார்கள். வீட்டு மெயில் முழுக்க முழுக்கப் பாய் கைக்கு வந்தது. ஒரு வாரம்தான். முகம் வாடிப்போய்க் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதில் வரவில்லை என்று மூன்று குடும்பம் வேறு விடுதிக்குப் போய்விட்டதாம். "ஏன் பாய், இத்தனை நாள் யார் பதில் போட்டது?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "நான் தொறந்து பாத்தா போதும், மீதி அதுவா நடக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்கா. சமையலு முடிச்சி, பாத்திரம் கழுவி, அவதான் ஒவ்வொண்ணுக்கும் ஒக்காந்து பதில் எழுதிக்கினு இருந்திருக்கா."

ஆக, என் கட்சிக்காரர்களே, ஒரு மெயிலைப் பிரித்துக் கொடுத்ததில் ஷமீமாவுக்கு ஒரு வேலை கிடைத்தது, ரபீக் பாய்க்கு அவள் பார்த்த வேலை அத்தனையும் கிடைத்தது, எனக்கோ தினமும் சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்து 'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தைக்கு என் முகத்தைப் பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார்.