பழைய பதிப்பின் பூஜ்யம்

ஏஞ்சலினின் அப்பா தானியேல் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். மகளோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தகடு அழுத்தும் இயந்திரம் செய்யும் கம்பெனியில், ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் படிக்கவைக்க வீடே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியது. வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்குவது மேலாளர் சந்திரமோகன் கையில் இருக்கிறது.

கம்பெனி வலைத்தளத்தில் இயந்திரக் கையேடுகளைப் போடுவது அவள் வேலை. பழைய மாடலுக்கு ஒரு பதிப்பு, புதியதற்கு ஒரு பதிப்பு. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணும் செட்டிங்கைத் தளம் முழுமைக்கும் பொதுவாக வைக்கலாம். பதிப்புக்குப் பதிப்பு தனியாகவும் வைக்கலாம். புது மாடலின் கணக்கு கலப்படமில்லாமல் வேண்டும் என்று சந்திரமோகன் கேட்டதால், புதிய பதிப்பில் மட்டும் வைத்தாள். சில மாதம் கழித்து அறிக்கையில் பழையதற்கு நேரே பூஜ்யம். ஆளே வராத பக்கம் எதற்கு, தூக்கிவிடு என்றார் அவர். எண்ணவே இல்லை என்பதை மறந்துவிட்டு அவளும் தலையாட்டினாள். நல்ல கூத்து.

வீட்டில் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். தம்பி ஜெரால்டுக்குப் புதுவாயலில் ஒரு சின்ன ஷெட்டில் வேலை. பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டும் இயந்திரங்கள் அந்த மாதிரி ஷெட்டுகளுக்குத்தான் வந்து சேரும். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"அத்தத் தூக்கிடாதக்கா. மெஷின்ல ஒட்டிக்கீற ஸ்டிக்கர ஸ்கேன் பண்ணி நாங்க அதத்தான் பாத்துக்கினு கீறோம். புது மெஷினு எங்களுக்கு யாரு குடுப்பா?"

பழையதில் எண்ணும் செட்டிங்கே வைக்கவில்லை என்பது அப்போதுதான் ஏஞ்சலினுக்கு நினைவுக்கு வந்தது. தப்பைச் சொன்னால் வேலை நிரந்தரமாவது இழுபறி. சொல்லாவிட்டால் தம்பி மாதிரிப் பிள்ளைகள் வழிகாட்டக் கையேடு இல்லாமல் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பாவம், அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நேரே சந்திரமோகன் முன்னால் போய் நின்றாள்.

"சார், பழசுல நான் செட்டிங்கே போடல. யாரும் பாக்கலன்னு இல்ல சார். பொதுவா வெச்சிட்றேன், எந்தப் பதிப்புன்னும் தனியா தெரியும். ஒரு வாரம் பாத்துட்டு சொல்லுங்க."

அவர் முகம் கடுகடுத்தது. ஆனாலும் சரி என்றார்.

அடுத்த வாரம் இருவரும் திரையைப் பார்த்தார்கள். பழைய பதிப்புக்கு ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள். ஏஞ்சலினுக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகு, அதில் எந்தப் பக்கத்தை அதிகம் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

'அச்சுக்குள் கை சிக்கிக்கொண்டால் விடுவிப்பது எப்படி.'

ஏஞ்சலின் போனை எடுத்து ஜெரால்டைக் கூப்பிட்டாள். அவன் "இன்னாக்கா" என்று கேட்கும்வரை அவளுக்கு உயிர் உயிராக இல்லை.