மூன்று மாதமாக ஒரு முறைப்பாடும் இல்லை

இணுவிலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இயங்கும் எங்கள் சிறிய சொப்ட்வெயார் கம்பனிக்கு நான்தான் தொழில்நுட்பப் பொறுப்பாளர். "மூண்டு மாசமா ஒரு கொம்பிளைன்ற் இல்லை" என்று கூட்டத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திய அதே நாள், குருநகரில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் பிலிப் அண்ணை எங்களை விட்டுப் போவதாகச் செய்தி அனுப்பினார். இனி நிறுவைக் கணக்கைக் கொப்பியில் எழுதப் போகிறாராம். அவர் எங்கள் முதல் வாடிக்கையாளர். கடற்கரைப் பக்கத்து மற்ற வியாபாரிகள் அவரைப் பார்த்து வந்தவர்கள். அவர் போனால் அவர்களும் போவார்கள்.

முதலாளி என்னை ஏசவில்லை. "நீரே போம். போய்க் கதையாதையும், அவர் கதைக்கிறதைக் கேளும்" என்றார்.

என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் எழுதிய புரோகிராமில் பிழை என்று யாராவது சொன்னால், என் பிள்ளையை வடிவில்லை என்று சொன்னதுபோல எனக்குக் கோபம் ஏறிவிடும்.

மறுநாள் காலையில் குருநகருக்குப் போனேன். நிறுவையில் நின்ற வேலையாள் அன்ரன் மீனைத் தராசில் போட்டார். பிறகு பணிவாகக் குனிந்து, எடையைப் பதியும் எங்கள் டப்லெட்டின் 'சரி' பொத்தானை மூக்கால் அமத்தினார். ஏதோ பக்தி என்று நினைத்தேன். பார்த்தால் கையெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலும். ஈர விரல் பட்டால் திரை தன் எண்ணத்துக்குத் துள்ளும். அன்ரனிடம் காய்ந்து இருந்தது மூக்கு மட்டும்தான்.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

பிலிப் அண்ணை ஒரு பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி சொன்னார்: "சொன்னனான் தம்பி. கையைத் துடைச்சுப்போட்டு அமத்தத் தெரியாதோ எண்டு கேட்டனீர். பிறகும் போன் எடுத்தனான். உங்கடை ஒபிஸ் பிள்ளையிட்டை, தம்பியின்ரை குணம் இண்டைக்கு என்ன மாதிரி எண்டு கேப்பன். இண்டைக்கு வேண்டாம் ஐயா எண்டுவா. மூண்டு மாசமா ஒரு நல்ல நாள் வரேல்லை."

அப்போதும் நான் விடவில்லை. துடைத்தால் போதும் என்று காட்ட நானே தராசடியில் நின்றேன். முதல் மீனுக்குக் கையைச் சேர்ட்டில் துடைத்தேன். நாலாவது மீனுக்குச் சேர்ட்டில் இடமில்லை. ஏழாவது மீனுக்கு நானும் குனிந்தேன். என் மூக்கு கொஞ்சம் தாராளமானது. 'சரி'யும் 'அழி'யும் சேர்ந்தே அமுங்கின.

"இவருக்கு மூக்காலையும் அமத்தத் தெரியேல்லை" என்றார் அன்ரன். தராசடி முழுக்கச் சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

அடுத்த நாளே றப்பர் பொத்தான்கள் வைத்த எண் பலகை ஒன்றைப் பொலித்தீனால் சுற்றிப் பூட்டிக் கொடுத்தேன். அரை நாள் வேலை. என் வாய்க்குப் பயந்து, அந்த அரை நாள் வேலைக்காக அன்ரன் மூன்று மாதம் மூக்கால் உழைத்திருக்கிறார்.

பிலிப் அண்ணை போகவில்லை. ஆனால் கொப்பி தராசுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஏன் இன்னும் என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. உமக்கு எப்ப ஏறுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: வாடிக்கையாளரின் போன் வராவிட்டால் சந்தோசப்படாதீர்கள். போன் எடுக்கும் பிள்ளையிடம் முதலில் உங்களைப் பற்றி விசாரியுங்கள்.

போன கிழமை, ஏழே நாளில், ஒன்பது முறைப்பாடுகள் வந்தன. நாலு பிலிப் அண்ணையுடையவை. அதைக் கூட்டத்தில் எழும்பி, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.