பூட்டுப் போடாத மென்பொருள்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறேன்.

பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. செல்போனில் பாடம் பார்த்து, நானே ஒன்றை எழுத ஆரம்பித்தேன். அதற்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களைப் படம் போலப் பார்த்துப் பழகிக்கொண்டேன். சில வருடங்கள் ஆயின. யாரும் எடுக்கலாம், உள்ளே திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தேன்.

முதலாளி அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

"எதுத்த பிரஸ்காரனும்ல எடுத்துக்கிருவான்? ஆடிப் பதினெட்டுக்குள்ள பூட்டிரு. இல்லன்னா நம்ம காலண்டர் எதையும் அதுல செய்ய வேண்டாம்."

ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்துக்குப் பூசை போடுவோம். எனக்குப் பூட்ட மனமில்லை. கெடுவுக்கு முன் ஒன்று செய்து காட்டலாம் என்று நினைத்தேன்.

மாதிரிக்கு ஒரு தினசரி காலண்டரை அதில் அமைத்தேன். ஒரு தாளில் நான்கு தேதிகள். தாள்களை அடுக்கி வெட்டினால் நான்கு கட்டு வரும்; ஒவ்வொரு கட்டிலும் தேதிகள் வரிசையாக இருக்க வேண்டும். லேபிள் வேலையில் தாள் முழுக்க ஒரே படம்தான். எது எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில், அடுத்தடுத்த தேதிகளை ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்படி எழுதிவிட்டேன்.

பைண்டிங் அக்கா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏ தம்பி, திங்கக்கெளமையக் கிளிச்சா வெள்ளிக்கெளமை வருது. ஒங்க வீட்டுல அப்பிடித்தானா?"

மெஷின் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

திருத்திப் பார்த்தேன், ஆகவில்லை. இணையத்தில் உதவி கேட்டு எழுதினேன். மறுநாள் ஒருவர் அந்தப் பகுதியை மாற்றி எழுதி அனுப்பியிருந்தார். போட்டுப் பார்த்ததில், திங்களுக்கு அடியில் செவ்வாய் வந்தது. அனுப்பியவர் எதிர்த்த அச்சகத்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவர்களும் என் மென்பொருளில்தான் காலண்டர் செய்கிறார்களாம்.

சரியான கட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். யார் திருத்தியது என்பதையும் சொன்னேன்.

"அவன் ஆளா?"

"ஆமா அண்ணாச்சி. பூட்டியிருந்தா இது வந்திருக்காது."

அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கட்டைக் கடைசி வரை புரட்டினார்.

"அப்ப தொறந்தே கெடக்கட்டும். ஆனா அவன் பெட்டிக்கு நீ லேபிள் வரஞ்சு குடுத்திராத, கேட்டியா?"

மாட்டேன் என்றேன். ஆல்பம் பூசைக்குப் போனது. எதிர்த்த அச்சகத்திலும் அதே நேரத்தில்தான் தேங்காய் உடைத்தார்கள்.

எழுதியது: ஆவணி மாதம், முதல் ஞாயிறு.