அண்ணர் நடத்திய தேடல் பக்கம்

தம்பியைத் தேடுவதை அண்ணர் கைவிட்டுவிட்டார் என்றே அந்நாளில் எங்கள் குடும்பம் நம்பியது. ஊரில் போர்க்கால இடப்பெயர்வின்போது தம்பி சிவகுமாரன் எங்களைப் பிரிந்து காணாமற்போயிருந்தான். அண்ணரோ லண்டனின் லூயிஷாம் நூலகத்தில் அமர்ந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆரம்பகாலப் பத்திரிகையொன்றின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆற்றையோ பேப்பரைப் படிச்சு என்னடா செய்யப்போறாய்?" என்று அம்மா கேட்பார்.

"பொறுங்கோம்மா, அவையும் எங்களைப்போல ஆக்களைத் தேடினவை" என்பார் அண்ணர்.

சாவகச்சேரியில் பிறந்து, பள்ளி நாட்களிலேயே கையெழுத்துச் சஞ்சிகை நடத்தியவர் அவர். லண்டனில், பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே எம்மவர்க்கென ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் உறவுகளைத் தேடுவோருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். கடவுச்சீட்டில் உள்ள முழுப்பெயர்களை அச்சிட்டார். பதிலே வரவில்லை.

பிழையைக் கண்டது அம்மாதான். "சிவகுமாரன் எண்டு போட்டால் ஆருக்கடா தெரியும்? ஊருக்கு அவன் குட்டியனெல்லே!"

தாம் படித்த வரலாறு அண்ணருக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. அடிமைத்தளை நீங்கியபின் தாயையும் பிள்ளையையும் தேடியவர்கள், தங்களை விற்ற எசமானரின் பெயரையும் தங்கள் பழைய பெயரையும் அப்பத்திரிகையில் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் அறிந்தவை அவைதாமே! படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தேவாலயங்களில் அவற்றை உரத்து வாசித்தார்கள்.

அடுத்த இதழில் கூப்பிடும் பெயர்கள் முன்னுக்கு வந்தன. கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அண்ணரே அவற்றை வாசித்தார். கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியிலிருந்து வந்த ஒருவர் தட்டோடு முன்னே ஓடிவந்தார்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை! அந்த ஓட்டைவாயன் நான்தான்! ஆர் தேடுறது, அக்காவோ?"

"ஓமடா, அக்காதான். இனியெண்டாலும் வாயை மூடு!" என்றார் அண்ணர்.

வரிசையே சிரித்தது. ஓடிவந்தவர் அழுதார்.

அப்படி இணைந்தவர்களில் பலர் இன்று அண்ணரின் இந்த நினைவுமலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்துக்கு இதனிலும் பெரிய பெருமை இல்லை.

தம்பியின் அறிவித்தலை அண்ணர் எப்போதும் கடைசியாகவே வாசிப்பார். "மற்றவையின்ரை ஆக்கள் முதல் வரட்டும்" என்பார். நோய்ப்படுக்கையிலும் அந்தப் பக்கத்தை ஒப்புநோக்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவினர், நண்பர், கோயிலார் அனைவருக்கும் எங்கள் நன்றி உரியது.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான் வாசிக்கிறேன். குட்டியனைத் தேடுவோராக முன்பு அம்மா, அண்ணன், அக்கா என்று அச்சாகும். இந்த மாத இதழில் அக்கா நான் மட்டுமே.