பஸ்ஸில் வந்த ரத்தம்

கோகிலா மேடம் இறந்த செய்தியை நான் நம்பவில்லை. எங்கள் பழைய மாணவர் ஒருவர் அரூரில் சத்துமாவுக் கடை வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் மேடத்தின் படத்தைப் போட்டு, "சாமை சாப்பிட்டால் முதுமை வராது எனக் கண்டறிந்த பேராசிரியர் மறைந்தார்" என்று எழுதியிருந்தார். அதில் முதல் பாதி பொய். இரண்டாம் பாதியும் பொய்யாக இருக்கட்டும் என்று மேடத்தின் எண்ணுக்கே போன் செய்தேன். அவர் கணவர் எடுத்தார். "நெசந்தாங்க சார். வூட்டுக்கு வாங்க" என்றார்.

தர்மபுரியில் எங்கள் விலங்கியல் துறையில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. அவரோடு வேலை செய்த உங்களுக்கு, எதையும் சந்தேகப்படும் அவர் குணம் தெரியும். இளமையைத் தரும் மாத்திரை என்று ஒருவர் துறைக்கே விற்க வந்தார். மேடம் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரோட வயசைக் குறைக்குதுங்க? உங்களுக்கே நரைச்சிருக்கே?" என்றார். வந்தவர் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவர் ஆராய்ந்ததும் முதுமையைத்தான். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனிலிருந்தே உடம்புக்குள் சில முரட்டு மூலக்கூறுகள் உண்டாகி டி.என்.ஏ.வைக் காயப்படுத்துகின்றன. செல் அந்தக் காயத்தை ஓயாமல் சரிசெய்கிறது. சரிசெய்வது பின்தங்கிக் காயம் சேர்ந்துகொண்டே போவது நாம் மூப்படைய ஒரு காரணம் என்கிறார்கள். "ஒரு காரணம்" என்பதை அவர் எப்போதும் அழுத்திச் சொல்வார். கடத்தூரிலும் சித்தேரி மலையிலும் வயதானவர்களிடம் ரத்தம் வாங்கி, யாருக்குக் காயம் குறைவு என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். காயம்பட்ட டி.என்.ஏ. மைக்ராஸ்கோப்பில் வால் முளைத்தது போலத் தெரியும். காயம் கூடக் கூட வால் நீளும்.

சித்தேரிக்காரர்களுக்கு வால் மிகச் சிறியதாக இருந்தது. மலைக்காற்று, சாமைச் சோறு என்று நான் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன். மேடத்தின் முகம் சுருங்கியது. "நமக்குப் புடிச்ச பதிலா வந்திருக்கு சார். எனக்குப் பயமா இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் பதவி உயர்வு அந்தக் கட்டுரையை நம்பி இருந்தது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரோ என்று அவரையே சந்தேகப்பட்டேன்.

அவர் சந்தேகப்பட்டது தெர்மகோல் பெட்டியை. கடத்தூர் ரத்தம் ஐஸ் கரையும் முன்பே ஆய்வகத்துக்கு வந்துவிடும். சித்தேரி ரத்தம் மலை பஸ்ஸில் வளைந்து வளைந்து இறங்கி, அரூரில் வேறு பஸ் பிடித்து வரும்போது பெட்டியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு சித்தேரிக்குப் போய், தன் ரத்தத்தை எடுக்கச் சொல்லி இரண்டாகப் பிரித்தார். ஒன்றுக்கு வழியெல்லாம் புது ஐஸ் போட்டார். இன்னொன்றைப் பழையபடியே பெட்டியில் விட்டார். ஆய்வகத்தில் பார்த்தால் ஐஸில் வந்ததற்கு நீள வால். சூடேறி வந்ததற்குக் குட்டி வால்.

"ஒரே பொம்பளைக்கு ரெண்டு வயசு பாருங்க" என்றார். உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த செல்கள் பஸ்ஸில் உட்கார்ந்தபடி தங்கள் காயத்தைச் சரிசெய்துகொண்டே வந்திருக்கின்றன. குளிர்தான் அந்த வேலையை நிறுத்தி வைக்கும். எங்கள் முடிவு செல்லாது.

ரத்தம் தந்தவர்களிடம் அதைச் சொல்ல மறுபடி மலையேறினார். வெள்ளையன் என்பவர் கேட்டார்: "நாங்க நல்லாருக்கோம்னு எழுதுனா உனக்கு என்னம்மா கொறைஞ்சிரும்?"

"நல்லாத்தாங்க இருக்கீங்க. அது சாமையாலனு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்லீங்க."

கடைசிவரை அவர் அந்தக் கட்டுரையை வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் அவர் பேர் ஊரெல்லாம் தெரிந்திருக்கும். இறந்த அன்றே அந்தப் பொய்யை அவர் தலையில் கட்டிவிட்டார்களே என்று சத்துமாவுக் கடைக்காரரைக் கூப்பிட்டு அந்தப் பதிவை நீக்கச் சொன்னேன். "மேடத்துக்குப் பெருமைதானே சார்?" என்றார். மேடம் வேண்டாம் என்று தள்ளிய பெருமை அது என்றேன். நீக்கிவிட்டார். ஆனால் அந்த வரி மாவு பாக்கெட்டில் வராது என்று நான் நம்பவில்லை. நீங்களும் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பிடித்த பதிலை முதலில் சந்தேகப்படு என்பதுதான் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது. "ஒரே பொம்பளைக்கு ரெண்டு வயசு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார் என்று மேலே எழுதியிருந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அன்று அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.