கோவிந்தன் சொன்னதை நான் சொல்லவில்லை

நான் ஒரு மனிதரைச் சாகவிட்டேன். ஊசியை மாற்றிப் போடவில்லை, மருந்தைத் தவறவிடவில்லை. அவர் என்னை நம்பிச் சொன்னதை டாக்டரிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். அவ்வளவுதான்... ஒரு உயிர் போக அவ்வளவே போதுமானதாக இருந்தது!

இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் நான் நர்ஸ். கோவிந்தன் முதலியார்பேட்டைக்காரர், மில்லில் தறி ஓட்டுபவர். சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து வந்திருந்தார். சேர்த்த அன்றே, மனைவி அஞ்சலை தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், நான் தெனம் சாராயம் குடிக்கிறவன். காலையில ஒரு கிளாஸ் உள்ள போனாத்தான் கை நடுக்கம் நிக்கும். இதோட உட்டுடலாம்னு இருக்கேன். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லி எதுனா மருந்து வாங்கிக் குடுங்க. எனக்குச் சொல்ல வெக்கமா இருக்குது.”

“சொல்றேன்” என்றேன்.

சொல்லவில்லை.

மறந்துபோனேனா? இல்லை! குடித்துவிட்டு வந்த அப்பா, அம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ரெண்டு நாள் நடுங்கட்டுமே... அப்போதாவது உறைக்கட்டும்... என்று நினைத்தேன். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அப்பாவுக்குக் கொடுக்க முடியாத தண்டனையை, எனக்கு ஒரு தீங்கும் செய்யாத அந்த மனிதருக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அஞ்சலையையே அடையாளம் தெரியவில்லை. படுத்தபடி காற்றில் விரல்களை நீட்டி, இல்லாத நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். “இழை அறுந்துபோச்சு, தறிய நிறுத்துங்கடா!” என்று கத்தினார். பிறகு வலிப்பு. அது அடங்குவதற்குள் இன்னொன்று.

டாக்டர் ஓடி வந்தார். “இவர் குடிக்கிறவரா? ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?”

“தெரியாது டாக்டர். அவர் ஒண்ணும் சொல்லல” என்றேன்.

என்ன வாய் இது... எப்படி வந்தது அந்தப் பொய்!

மத்தியானம் அவர் இறந்தார். அஞ்சலை அழாமல் என் முகத்தையே பார்த்தாள். “இனிமே தொடமாட்டேன்னு முந்தாநேத்துதான் சத்தியம் பண்ணாரு சிஸ்டர். உட்டதுனாலயா செத்தாரு?”

“ஆமாம்மா. திடீர்னு உட்டத உடம்பு தாங்கல.”

மருந்து கொடுத்திருந்தால் தாங்கியிருக்கும் என்பதை மறைத்துவிட்டேன்.

அதன்பிறகு வார்டுக்கு யார் வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருஷமாக என்று தணிந்த குரலில் கேட்டேன். டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கிக் கொடுத்தேன். சிலர் குறைத்தார்கள், சிலர் விட்டே விட்டார்கள். வீராம்பட்டினத்திலிருந்து வந்த ஒருத்தி, தன் புருஷன் பிழைத்துக்கொண்டான் என்று என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடம்பெல்லாம் கூசியது எனக்கு.

ஆறேழு வருஷம் கழித்து அஞ்சலை தன் தம்பியை அழைத்து வந்தாள். கண்கள் மஞ்சளித்து, வயிறு உப்பியிருந்தது அவனுக்கு. நான் குடியைப் பற்றிக் கேட்டதும் அவள் பதறிப்போனாள்.

“அவன உடச் சொல்லாதீங்க சிஸ்டர்! எங்க வூட்டுக்காரரு உட்டுத்தான் செத்தாரு, நீங்கதான சொன்னீங்க? இவன் நிறுத்தறேன்னு சொன்னப்பல்லாம், கொஞ்சமாவது ஊத்திக்கடான்னு நான்தான் சொன்னேன்.”

“அதுக்கு மருந்து இருக்கும்மா. மருந்தோட நிறுத்துனா ஒண்ணும் ஆவாது” என்றேன்.

“அப்படின்னா அவருக்கு ஏன் சிஸ்டர் குடுக்கல?”

நான் குனிந்து, சீட்டில் எழுதுவதுபோல, அவனுக்கு வயது என்ன என்று கேட்டேன்.

அவள் தம்பியின் கையைப் பிடித்து எழுப்பி, அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த மழைக்காலம் முடியுமுன் அவனும் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அஞ்சலை இன்னும் முதலியார்பேட்டையில்தான் இருக்கிறாள். தம்பியைத் தானே கொன்றுவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டிருப்பாளோ... இரண்டு முறை அவள் தெருமுனைவரை போனேன். இரண்டாம் முறை அவள் வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, “வாங்க சிஸ்டர்” என்று கூப்பிட்டாள்.

காதில் விழாதவளைப் போலத் திரும்பி நடந்துவிட்டேன்.