முளைவிட்ட சுவர்

குரங்கணிக்கு ஏறும் ஜீப் பாதையின் ஓரத்தில், காடு பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு பார்வையாளர் மையம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யாரும் கூப்பிடாமலே போய் நின்றவள் நான். பிறந்தது போடி, படித்தது கட்டடக்கலை. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அதுவரை நான் கட்டியதெல்லாம் பிறர் வரைந்த பெட்டிகள். இதுதான் முதன்முதலாக என் சொந்தக் கோடு. சுவருக்கு அந்த இடத்துச் செம்மண், கூரைக்கு நாட்டு ஓடு, தரைக்கு ஓடைக்கல், தூணுக்கு ஏலக்காய்த் தோட்டங்களில் காற்றுக்கு விழுந்த மரம். சிமெண்ட் மூட்டை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று வனத்துறைக் கூட்டத்தில் முழங்கினேன். முழங்கும்போது மேசையைக் குத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

பெரிய அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மழைக்கு நிற்குமா?" என்றார், அவ்வளவுதான். அவர் மேசைமேல் ஏற்கெனவே ஒரு சிமெண்ட் கல் கட்டடத்தின் வரைபடம் சுருண்டு கிடந்தது. மண்ணில் ஒரு மாதிரிச் சுவர் கட்டிக் காட்டுங்கள், எனக்குத் திருப்தியாக இருந்தால் உங்கள் கட்டடம், இல்லையென்றால் இது என்று சுருளைத் தட்டிக் காட்டினார்.

ஆள் உயரத்துக்குப் பத்தடி நீளச் சுவர். செம்மண்ணும் சுண்ணாம்பும் கடுக்காய் ஊறலும் சேர்த்து மிதித்துக் கட்டினோம். கொத்தனார் வாழ்நாள் முழுக்க சிமெண்ட்டில் கைநனைத்தவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாவம், நல்லாத்தான் இருந்துச்சு இந்தப் பிள்ளை என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். சித்தாள்கள் நான்கு பேரும் பக்கத்தில் தேவாரம் என்ற ஊர்ப் பெண்கள். அவர்களில் முன்னால் நின்று பேசுகிறவள் என் வயதுக்காரி. வாய் என்னைவிடப் பெரியது, ஆகையால் உடனே ஒட்டிக்கொண்டோம். மேல்பூச்சுக்கு மண்ணோடும் சாணியோடும் சேர்க்க வேண்டிய கூளத்தை அவளே தன் ஊரில் கதிரடிக்கும் களத்தில் கூட்டி அள்ளி, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

பூசி முடித்த அன்று வெயில் கொளுத்தியது. பூச்சு வெடித்துவிடும் என்று பயந்து, சாக்கைப் போர்த்தச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிமெண்ட் வேலையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், "மூணு வேளையும் தண்ணி விடுங்க" என்றும் சொல்லிவைத்தது. சொல்லிவிட்டு, மையத்தின் அட்டை மாதிரியைச் செய்ய மதுரைக்குப் போய்விட்டேன். மண்சுவருக்குத் தண்ணீர் விடச் சொன்ன ஒரே கட்டடக்கலைஞர் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். கொத்தனாருக்கோ நான் அதுவரை பேசியதில் புரிந்த பேச்சு அது ஒன்றுதான். ஐந்து நாள், மூன்று வேளை, பக்தியோடு தண்ணீர் காட்டியிருக்கிறார்.

அதிகாரி வருகிற நாள் காலையில் திரும்பி வந்து சாக்கை விலக்கினேன்.

சுவரைக் காணோம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரல் நீளத்துக்கு வெளிறிய மஞ்சள் முளைகள்! கம்பு, சோளம், தட்டாம்பயறு. களத்தில் கூட்டிய கூளத்தில் எவ்வளவு தானியம் கிடக்கும் என்று எந்தக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள்?

"மேடம், பயப்படாதிய. வெரசா சுரண்டிப்புடறேன்" என்று கொத்தனார் கரண்டியை எடுத்தார்.

"அண்ணே, கைய வச்சிராத! பாரி வளந்து நிக்கிது!" என்று தேவாரத்துக்காரி குறுக்கே விழுந்தாள்.

அம்மன் திருவிழாவுக்கு இருட்டறையில் வளர்த்துப் பெண்கள் தலையில் சுமந்துபோகும் முளைப்பாரி, அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. முளை செழித்தால் நல்ல சகுனம். அதைச் சுரண்டி எறிய முடியாது, ஆற்றில்தான் கரைக்க வேண்டும். நான்கு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குலவையிட்டார்கள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் சிரிப்பும் கூடவே வந்து தொலைக்கும். நனைந்த சாக்கின்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் கட்டடம் போய்விட்டது என்று உள்ளே அழுகையாகவும் இருந்தது. அவர்கள் சுவருக்கு முன்னால் கும்மி தட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்தா ஜீப் வரவேண்டும்? சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அதிகாரி வந்துவிட்டார். கையில் அந்த வரைபடச் சுருள் இருந்தது.

"ஐயா, பூட்ஸ கழட்டிட்டு வாங்க" என்றாள் என் தோழி. அவரும் ஏன் என்று கேட்காமல் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து நின்றார். "இது என்ன?"

"பசுமைச் சுவருங்கய்யா. மேடம் டிசைன்" என்றார் கொத்தனார். அந்த மனிதர் அப்படி ஒரு பொய்க்காரர் என்று அன்றுதான் தெரிந்தது.

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "அருமை! கட்டடம் முழுக்க இப்படியே வருமா?"

தலையை ஆட்டினால் போதும், கட்டடம் எனக்கு. கழுத்து பாதிவரை இறங்கியும்விட்டது. ஆனால் பத்து நாளில் முளை காய்ந்து, வேர் பிடித்த பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். "இல்லை சார், இது என் தப்பு" என்று கூளம், சாக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் முகம் சுருங்கியது. "அப்படியென்றால் இது தோற்றுப்போன சுவர்" என்று பூட்ஸை நோக்கித் திரும்பினார்.

"எப்புடிங்கய்யா தோத்துச்சு?" என்று அவரை மறித்தாள் தேவாரத்துக்காரி. "அஞ்சு நாளா அண்ணன் பைப்ப வச்சு அடிச்சிருக்காரு. எங்கூர்ல ஐப்பசியில கூட இம்புட்டு ஊத்தாது. ஒரு பிடி மண்ணு கீழ விழுந்திருக்கா? குனிஞ்சு பாருங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். சுவரடியில் கரைந்து விழுந்த மண் ஒரு துளிகூட இல்லை. அவர் முளைகளை விலக்கி ஜீப் சாவியால் கீறினார். மேல்பூச்சு விரல் கனத்துக்குப் பெயர்ந்தது. அதற்கடியில் சாவி கல்லில் பட்டதுபோல வழுக்கியது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கொத்தனாரும் தள்ளினார். என்ன நினைத்தேனோ, நானும் போய்த் தள்ளினேன். சுவர் அசையவில்லை. மழைக்கு நிற்குமா என்று அவர் கேட்ட கேள்விக்கு ஐந்து நாளாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்து நான் ஒப்பாரி வைத்திருக்கிறேன்! வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து காது சூடாகிவிட்டது.

"கூளத்தைச் சலித்துப் போடச் சொல்லுங்கள்" என்றார் என்னிடம். சுருளைக் கொத்தனார் கையில் கொடுத்து, "இதை ஜீப்பில் போட்டுவிடுங்கள், இனி வேண்டாம்" என்றார்.

அன்று எழுந்த குலவையில் அவர் பூட்ஸ் கயிற்றை இரண்டுமுறை தப்பாகக் கட்டினார். பெண்கள் பூச்சைப் பாளம் பாளமாக முளையோடு பெயர்த்துச் சாந்துச் சட்டிகளில் வைத்தார்கள். ஒரு சட்டி என் தலைக்கு வந்தது. என் கட்டடத்தின் முதல் மண்ணை ஆற்றில் கரைக்க, கழுத்தெல்லாம் சேறு வழிய, வழி முழுக்கச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே சுமந்துபோனேன்.